கடிகாரம் இல்லாத கம்மி கரண்ட் பெட்டி

புதிதாக ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கியிருக்கிற உங்களிடையே ஒரு பட்டியல் போனுக்குப் போன் போய்க்கொண்டிருக்கிறது. 'கிராமத்து நிலையத்துக்குக் குறைந்த மின்சாரக் கருவிகள்' என்று தலைப்பு, அடியில் என் பெயர். உள்ளங்கை அகலக் கணினிப் பலகை ஒன்று, ஐந்து வாட் ரேடியோ ஒன்று, லித்தியம் பேட்டரி, சோலார் பேனல், ஒயர் ஆண்டெனா. போன வாரம்கூட உங்களில் ஒருவர் அதைக் காட்டி, "சார், இத அப்படியே வாங்கிடலாமா?" என்று கேட்டார். வாங்காதீர்கள். அந்தப் பட்டியல் தப்பு. தப்பு என்று தெரிந்த பிறகும் எட்டு மாதம் அதை நான் நிறுத்தாமல் விட்டேன். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், என் புத்தி எந்தப் பக்கம் கோணலானது என்பது அப்போதுதான் புரியும். முப்பது வருஷத்துக்கு மேல் நான் பிழைத்தது இன்வெர்ட்டர், யுபிஎஸ் சர்வீஸில். ரேடியோவில் ஊர் விட்டு ஊர் செய்தி அனுப்பி வாங்குவது என் பொழுதுபோக்கு. செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் பக்கம் இருக்கிற கெஸ்ட் ஹவுஸ்களில் பாதிக்கு நான் ஒயர் இழுத்திருக்கிறேன். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் மனிதர்களைப் பார்ப்பதற்கு முன்னால் எத்தனை ஃபேன், எத்தனை பல்ப் என்று எண்ணுகிற ஆள் நான். பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது ஒன்றுதான் எனக்குக் கேள்வி.

ஒரு கெஸ்ட் ஹவுஸில், ஃபேன் கூடுதலாக ஒரு மணி நேரம் ஓடட்டும் என்று மாடிப்படி பல்பை இன்வெர்ட்டர் லைனிலிருந்து கழற்றிவிட்டேன். ரொம்பப் பெருமையாக முதலாளியிடம் சொல்லவும் செய்தேன். அடுத்த வாரமே சாயங்காலம் கரண்ட் போனபோது ஒரு வெளிநாட்டு அம்மா படியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "கரண்ட்ட மிச்சம் பண்ணி இன்னாய்யா பண்ணப் போற? ஊறுகாயா போடப் போற?" என்று கேட்டார். தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். பல்பைத் திரும்ப மாட்டினேன். பாடம் மட்டும் மண்டைக்குள் ஏறவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மழைக்காலத்தில் செல்போன் டவர்கள் இரண்டு நாள் செத்துக் கிடந்தன. அப்போது எங்கள் ஆறு பேர் குழு ஒரு முடிவெடுத்தது. ஏரி நிரம்பினால் ரோடு துண்டிக்கப்படுகிற ஊர்களில் தலா ஒரு சின்ன நிலையம் வைப்பது, செய்தியை வேங்கிக்காலில் என் வீட்டு மாடியில் வாங்குவது, அங்கிருந்து மாவட்ட வெள்ளக் கட்டுப்பாட்டு அறைக்கு லேண்ட்லைனில் சொல்வது. முதல் ஊர் சேத்துப்பட்டு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற ஒரு கிராமம். அங்கே எங்கள் குழுவைச் சேர்ந்த தரணேந்திரன் இருந்தார். பல தலைமுறையாக அதே ஊரில் பயிர் வைக்கிற ஜைனக் குடும்பம். கெமிஸ்ட்ரி படித்தவர். ஐம்பத்தெட்டு வயதில் ஹாம் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தவர். நாங்கள் ஒருவரையொருவர் 'சார்' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

கருவி எது என்று பேச என் வீட்டில் கூடினோம். வேங்கிக்காலில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிற கலைச்செல்வி மேடமும் வந்திருந்தார். அவரும் லைசென்ஸ் வாங்கியவர்தான். தரணேந்திரனிடம் பழைய லேப்டாப் ஒன்று இருந்தது, அதையே வைக்கலாம் என்றார் மேடம். நான் மீட்டரை வைத்து அளந்து காட்டினேன். லேப்டாப் குடிக்கிற கரண்டில் ஐந்தில் ஒரு பங்குகூட அந்தப் பலகை குடிக்கவில்லை. ரேடியோவும் அப்படித்தான். மைக் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. கணினி எழுத்தை ஒலியாக மாற்றித் தரும், ரேடியோ அதை அனுப்பும், அவ்வளவுதான். இப்படியொரு கஞ்சப் பெட்டியை நான் அதுவரை பார்த்ததில்லை, எனக்கு வாயெல்லாம் பல்.

தரணேந்திரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேசறதுக்கு ஒண்ணும் இல்லையா சார் இதுல?"

"பேசற பெட்டின்னா கரண்ட் ஜாஸ்தி சார். அஞ்சு வாட்டுல பேசினா யாருக்குக் கேக்கும்?" என்றேன்.

கேட்டிருக்கும். முப்பத்தைந்து கிலோமீட்டர்தான். இரைச்சலோடாவது கேட்டிருக்கும்.

கலைச்செல்வி மேடம் விடவில்லை. "கடிகாரம் எப்படி சார்?" என்று கேட்டார்.

கேள்வி உங்களுக்குப் புரிய வேண்டும். நாங்கள் எடுத்துக்கொண்ட டிஜிட்டல் முறையில் விநாடிதான் உயிர். நிமிடத்தை நாலாகப் பிரித்து, பதினைந்து விநாடிக்கு ஒரு தடவை, அனுப்புகிற பெட்டியும் கேட்கிற பெட்டியும் ஒன்றாகத் தொடங்க வேண்டும். இரண்டு விநாடிக்கு மேல் பிசகினால் கேட்கிற பக்கம் சத்தம் வரும், எழுத்து வராது. லேப்டாப்புக்குள் கடிகாரத்துக்கென்று தனி பேட்டரி உண்டு. அந்தச் சின்னப் பலகைக்குள் கிடையாது. இன்டர்நெட் இருந்தால் அது மணியைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். இல்லாவிட்டால், கடைசியாக எப்போது அணைத்தோமோ அந்த மணியிலிருந்தே மறுபடி எண்ண ஆரம்பிக்கும். இதற்கு மருந்து கட்டைவிரல் நகத்தளவு ஒரு கடிகாரத் துண்டு, பொத்தான் பேட்டரியோடு வரும். மேடம் அதைப் பட்டியலில் எழுதியே வைத்திருந்தார்.

நான் பேனாவை எடுத்து அதை அடித்தேன். "இன்னொரு பொருள் சேத்தா கெட்டுப்போறதுக்கு இன்னொண்ணு மேடம். டவர்லருந்து மணி தானா வந்துடும்."

"டவர் செத்த பிறகுதானே சார் இந்தப் பெட்டியே வேணும்?"

ஆறு பேர் முன்னால் சரியான கேள்வியைக் கேட்டுவிட்டார். மாட்டிக்கொண்டால் நான் எப்போதும் செய்கிறதைச் செய்தேன். "நீங்க ஆபீஸ்ல ஃபைலப் பாருங்க மேடம், கரண்ட்ட நான் பாத்துக்கறேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

பெட்டியை வைக்கத் தரணேந்திரன் வீட்டுக்குப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆண்டெனா கட்டுவதற்குள்ளேயே சாயங்காலம் ஆகிவிட்டது. பலகைக்குத் திரை கிடையாது, போனில்தான் பார்க்க வேண்டும். என் போனின் ஹாட்ஸ்பாட்டில் அதை இணைத்துக்கொண்டு செய்தி அனுப்பினேன். வேங்கிக்காலிலிருந்து மேடம் உடனே பதில் அனுப்பினார். தரணேந்திரனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவர் மனைவி சுனந்தா அம்மாள் வந்து எட்டிப் பார்த்தார். இதயம் பலவீனம் என்று மாத்திரையில் இருப்பவர், நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கும். வாய் மட்டும் ஓயாது.

"சத்தமே வரலையே? இத ரேடியோன்னு யாரு சொன்னது? ஊமை ரேடியோன்னு சொல்லுங்க" என்றார்.

"ஊமைதாம்மா, ஆனா ஊருக்கெல்லாம் சேதி சொல்லும்" என்றேன்.

எனக்கு இன்னொரு சோதனை பாக்கி இருந்தது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, போனில் இன்டர்நெட்டையும் அணைத்துவிட்டு, டவரே இல்லாதது மாதிரி முதலிலிருந்து போட்டுப் பார்ப்பது. அந்த நேரத்தில் சுனந்தா அம்மாள் இலை போட்டுவிட்டார். ஜைன வழக்கப்படி அவர்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்தாக வேண்டும். "பெட்டி எங்கயும் ஓடிடாது. பொழுது போயிடுச்சின்னா உங்களால எங்க வீட்டு ஆம்பள பட்டினி கிடக்கணும். வாங்க" என்றார். எழுந்து போனேன். சாப்பிட்டதும் இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டேன். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஐந்து நிமிட வேலை. அந்த அம்மாளைக் குறை சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். சாப்பிட்டுவிட்டு வந்து செய்திருக்கலாம், மறுநாள் போனில் சொல்லி அவரையே செய்ய வைத்திருக்கலாம். செய்யவில்லை.

கிளம்புவதற்கு முன் பெட்டி மேல் ஒரு காகிதம் ஒட்டினேன். என் கையெழுத்தில்: 'செய்தி அனுப்பியதும் அணைக்கவும். பேட்டரி மிச்சமாகும்.'

கார்த்திகைக்கு முன்னால் பெருமழை பிடித்தது. மூன்றாம் நாள் தரணேந்திரன் ஊருக்குப் போகிற தரைப்பாலத்தின் மேல் ஏரித் தண்ணீர் ஓடியது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. வேங்கிக்காலில் எங்களுக்கு லேண்ட்லைன் மட்டும் உயிரோடு இருந்தது. காலை எட்டு மணிக்கு நான் மாடியில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். எட்டரைக்குக் கலைச்செல்வி மேடம் ரெயின்கோட்டோடு வந்து சேர்ந்தார்.

எட்டேகால் வாக்கிலிருந்தே திரையில் கோடுகள் விழ ஆரம்பித்திருந்தன. காதுக்குக் கேட்கிற சத்தத்தை அந்தத் திரை கோடாக வரைந்து காட்டும், உங்களுக்குத் தெரியும். நல்ல பளிச்சென்ற கோடு. எழுத்து மட்டும் வரவில்லை. கொஞ்ச நேரம் நிற்கும், மறுபடி வரும். மறுபடி வரும்போது வேறு விநாடியில் தொடங்கும். நிஜ நிலையமாக இருந்தால் எப்போதும் ஒரே கணக்கில்தானே வர வேண்டும், இது இடம் மாறி மாறி வருகிறதே, ஏதோ மோட்டார் இரைச்சல் என்று முடிவு கட்டினேன்.

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பத்து நிமிடம் பார்த்தார். "சார், கோடு ஒவ்வொண்ணும் ஒரே நீளத்துல இருக்குது. நேரந்தான் தப்பி ஆரம்பிக்குது. தரணேந்திரன் சாரோட பெட்டில மணி தப்பியிருக்கும்."

"முப்பது வருஷமா இரைச்சலோட குடும்பம் நடத்தறவன் மேடம் நானு. இது ஜெனரேட்டர் சத்தம்."

"நம்ம மணியக் கொஞ்சம் தள்ளி வெச்சுப் பாக்கலாமே சார்?"

"இருக்கிற ஒரு மணியும் தப்பாயிடுச்சின்னா? கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க."

இப்படித்தான் சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. லேப்டாப் மணியைத் தள்ளிப் பார்க்க அரை நிமிடம் ஆகும். தப்பானால் திருப்பி வைக்க இன்னொரு அரை நிமிடம். அதைச் செய்யாமல் நான் என்ன செய்தேன் தெரியுமா? மழையில் இறங்கிப்போய் எதிர்வீட்டுக்காரரிடம் ஜெனரேட்டரை அணைக்கச் சொல்லிச் சண்டை போட்டேன். பாவம், அணைத்தார். கோடு நிற்கவில்லை. அப்புறம் என் சொந்த இன்வெர்ட்டரை அணைத்தேன். கோடு நிற்கவில்லை. எந்த மோட்டாரும் அவ்வளவு ஒழுங்காகக் கோடு போடாது என்று கண் சொல்லிக்கொண்டே இருந்தது. மேடம் சொல்லி அது சரியாகிவிட்டால் என்ன ஆவது என்று மனசு இன்னொரு பக்கம் முரண்டு பிடித்தது. வேறொன்றும் இல்லை, வறட்டு வீம்பு.

அந்த ஊரில் அப்போது நடந்தது பிறகு கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது. விடிந்ததிலிருந்தே சுனந்தா அம்மாளுக்கு மூச்சுத் திணறல். தரணேந்திரனின் தம்பி டிராக்டரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார். தரைப்பாலம் போனாலும் கிழக்கே வயல் பாதை வழியாக மெயின் ரோட்டுக்கு டிராக்டர் போகும். "அண்ணிய டிரெய்லர்ல படுக்க வெச்சு இட்டுனு போயிடலாம்ணா, வர்ற வண்டி எதையாவது மடக்கிடலாம்" என்றிருக்கிறார். தரணேந்திரன் யோசித்தார். ரோட்டில் ஆக்சிஜனோடு ஆம்புலன்ஸ் நிற்காவிட்டால், கொட்டுகிற மழையில் அவரை டிரெய்லரில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது? முதலில் செய்தி அனுப்புவோம், வண்டி வருகிறது என்று தெரிந்ததும் கிளம்புவோம் என்று முடிவெடுத்தார். அவரிடம்தான் பெட்டி இருக்கிறதே. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

எட்டேகாலுக்கு முதல் செய்தி அனுப்பினார். என் காகிதம் சொன்னபடி அணைத்தார். பத்து நிமிடம் கழித்துப் போட்டார், மறுபடி அனுப்பினார், அணைத்தார். ஒவ்வொரு தடவை அணைத்துப் போடும்போதும் அந்தப் பலகையின் மணி ஒவ்வொரு விதமாகத் தப்பியது. அணைக்காமல் விட்டிருந்தாலாவது கோடு ஒரே இடத்தில் விழுந்து என் மரமண்டைக்கு உறைத்திருக்கும். போனில் மணி வேறு, பெட்டியில் மணி வேறு என்று அவர் கவனித்தும் இருக்கிறார். மணி காட்டுவதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார். விநாடியின் கதையை நான் அவருக்குச் சரியாகச் சொல்லியிருக்கவில்லை. தானாக வந்துவிடும் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். மணி தப்பியதால் எங்கள் அழைப்பும் அவருக்கு எழுத்தாக வரவில்லை. தம்பி இரண்டு தடவை வந்து கூப்பிட்டிருக்கிறார். "இரு, சார் கேட்டிருப்பாரு, வண்டி சொல்லியிருப்பாரு, பதில் வரட்டும்" என்றே உட்கார்ந்திருந்திருக்கிறார். பத்து மணிக்கு மேல் பெட்டியை அணைக்கவே மனமில்லாமல் அப்படியே போட்டுவைத்துவிட்டார்.

பத்தரைக்கு நான் ஆண்டெனாவைச் சரி பார்க்கிறேன் பேர்வழி என்று மொட்டை மாடிக்கு ஏறியிருந்தேன். கீழேயிருந்து மேடம் கத்தினார். "சார்! எழுத்து வருது, சார்!"

இறங்கி ஓடி வந்தேன். நான் மேலே போனதும் அவர், கோடு எத்தனை விநாடி தப்பி விழுகிறது என்று எண்ணிப் பார்த்து, லேப்டாப் மணியை ஏழு விநாடி பின்னால் தள்ளியிருக்கிறார். அடுத்த பதினைந்து விநாடியிலேயே எழுத்து வந்திருக்கிறது. சுனந்தாவுக்கு மூச்சு முட்டுகிறது, கிழக்கே மெயின் ரோட்டுக்கு ஆக்சிஜனோடு ஆம்புலன்ஸ் வேண்டும், பதில் சொல்லுங்கள். அதே செய்தி திரும்பத் திரும்ப. மேடம் அதற்குள் லேண்ட்லைனைக் காதில் வைத்திருந்தார். என்னை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. நான் 'வண்டி வருகிறது, கிளம்புங்கள்' என்று அனுப்பினேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்தேன்.

ஆம்புலன்ஸ் நாற்பது நிமிடத்தில் மெயின் ரோட்டுக்குப் போய்விட்டது. டிராக்டரும் போய்ச் சேர்ந்தது. ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்கு முன்பே சுனந்தா அம்மாள் போய்விட்டார்.

தண்ணீர் வடிந்ததும் துக்கம் கேட்கப் போனேன். கூடம் நிறைய ஆட்கள். தரணேந்திரன் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "சார், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் மொதல்ல எட்டேகாலுக்கு அனுப்பினேனே, அதுவே உங்களுக்குக் கேட்டுச்சா?"

வரும் வழியெல்லாம் உண்மையைச் சொல்வதாகத்தான் இருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் வாயிலிருந்து வேறு வந்தது. "கேட்டுச்சு சார். வண்டிதான் கிடைக்கல. மழையில எல்லா வண்டியும் வெளிய போயிருந்தது. வண்டி கிடைச்ச பிறகுதான் பதில் போட்டேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அவ கையப் புடிச்சிக்கிட்டு, சார் கேட்டுட்டாரு, வண்டி வந்துகினே இருக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அவளும் சரி சரின்னு தலைய ஆட்டினா. அப்ப நான் சொன்னது பொய்யில்ல. அது போதும் சார்."

அவர் மனசு ஆறட்டும் என்றுதான் சொன்னேன் என்று எனக்கு நானே ரொம்ப நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் நிஜம். மீதிப் பாதி, கூடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள், என் பட்டியல்தான் காரணம் என்று அவர்கள் முன்னால் ஒப்புக்கொள்ள எனக்குத் துணிச்சல் வரவில்லை. யாரோ முகம் தெரியாத வண்டிக்காரர்கள் தலையில் பழியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

பொய் அந்தக் கூடத்தோடு நிற்கவில்லை. தரணேந்திரன் போகிற இடமெல்லாம், பெட்டி வேலை செய்தது, வண்டிதான் வரவில்லை என்று சொன்னார். எங்கள் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று, இதே பெட்டி இன்னும் நாலு ஊருக்கு வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மனைவியைப் பறிகொடுத்தவர் அப்படிக் கேட்கும்போது யார் வேண்டாம் என்பார்கள்? நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கூட்டத்திலிருந்துதான் என் பட்டியல் உங்கள் போன்களுக்கு வந்தது.

நாலு பெட்டிகளும் சோதனைக்காக என் மேஜை மேல் வந்து உட்கார்ந்தன. நான் கையெழுத்துப் போட்டால் கிளம்பிவிடும். அன்று கலைச்செல்வி மேடம் வந்தார். எட்டு மாதமாக என்னோடு தேவைக்கு மேல் பேசாதவர். நாலு கடிகாரத் துண்டுகளை ஒரு கவரில் போட்டு மேஜையில் வைத்தார். "இத மாட்டிடறது பெரிய வேலையில்ல சார். ஏன் மாட்டறோம்னு தரணேந்திரன் சாருக்கு யாரு சொல்றது? நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நான் சொல்றேன் மேடம்" என்றேன்.

அவரிடம் போய்ச் சொன்ன கதைக்கு வருவதற்கு முன், உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கரண்ட் கம்மியாகக் குடிக்கிறதா என்று பார்ப்பது தப்பில்லை, பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கணக்கில் எதையெதைக் கழற்றிவிட்டோம் என்றும் பாருங்கள். டவர் இல்லாமல், இன்டர்நெட் இல்லாமல், பக்கத்தில் நீங்களும் இல்லாமல், அந்தப் பெட்டி தனியாக எழுந்து நிற்கிறதா என்று அந்த வீட்டிலேயே அணைத்துப் போட்டுப் பாருங்கள். மைக் வைத்த ரேடியோ கொஞ்சம் அதிகமாகக் குடித்தால் குடித்துவிட்டுப் போகட்டும், எழுத்து வராத நேரத்தில் மனிதன் வாய் விட்டுக் கூப்பிடவாவது ஒரு வழி வேண்டும். திரையில் கோடு தெரிந்து எழுத்து வராவிட்டால், அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார்கள் என்று முதலில் நம்புங்கள், இரைச்சல் என்று அப்புறம் முடிவு கட்டுங்கள். பக்கத்தில் இருக்கிறவர் சொல்வது அரை நிமிடத்தில் செய்து பார்க்கக்கூடியது என்றால், வாயை மூடிக்கொண்டு செய்து பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை தரணேந்திரன் வீட்டுக்குப் போனேன். தம்பி வயலுக்குப் போயிருந்தார், அவர் மட்டும்தான் இருந்தார். உட்கார்ந்ததும் சொல்ல ஆரம்பித்தேன், நடுவில் நிறுத்தினால் முடியாது என்று தெரியும். அடித்த பட்டியல், சிரித்த சிரிப்பு, செய்யாத சோதனை, ஒட்டிய காகிதம், எதிர்வீட்டு ஜெனரேட்டர், ஏழு விநாடி, எல்லாம் சொன்னேன். கடைசியாக, எட்டேகால் செய்தி எனக்குக் கேட்கவில்லை, பத்தரை வரைக்கும் ஒன்றுமே கேட்கவில்லை என்றும் சொன்னேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். போ வெளியே என்பார் என்று நினைத்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. வாசலில் தம்பியின் டிராக்டர் நிற்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, தம்பி மொதல்ல கூப்பிட்டானே, அப்பவே நான் கிளம்பியிருக்கணும்" என்றார்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் தலையிலிருந்த சுமையை இறக்கி வைக்கத்தான் வந்தேன், அதை அவர் தலையில் வைத்துவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. பதறிப்போய், "ஐயோ, உங்க மேல ஒரு தப்பும் இல்ல சார்" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலத்தான் கேட்டார்.

"இதையாவது நம்பலாமா சார்?"